வற்றிய உடம்பில் அவன் திறந்த ஊற்று

என் மனைவிக்குச் சிறுநீர் வரவேண்டும் என்று அல்லாஹ்விடம் நாள்கணக்கில் அழுதவன் நான். இதைப் பலர் முன்னால் சொல்ல முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. அவள்தான், "சொல்லுங்கோ, உதில என்ன வெக்கம்? அது வராமல் கிடந்த எனக்கெல்லோ அதின்ரை அருமை தெரியும்" என்றாள். அதனால் எழுதுகிறேன். படைத்தவனுக்கே, படைத்ததைக் கைவிடாமல் காப்பவனுக்கே புகழெல்லாம். இதை வாசிக்கிற உங்கள் வீடுகளில் அவன் அமைதியை இறக்கட்டும்.

என் பெயர் றபீக். பழைய இரும்பு வாங்கி விற்பது தொழில். தொண்ணூறில் முஸ்லிம்களான எங்கள் ஆட்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவேண்டி வந்தபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்தேன். அங்கேயே ஜெஸீமாவைக் கலியாணம் முடித்தேன். யுத்தம் முடிந்து சில வருடங்களில் திரும்பி வந்தோம். சோனகத் தெருவில் எங்கள் வீட்டின் சுவர்கள் மட்டும்தான் நின்றன. இரும்பைப் போட்டுவைக்க இடம் வேண்டும் என்பதால் கொக்குவிலில், மதில் கட்டிய பெரிய வளவோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். நான், ஜெஸீமா, பதினான்கு வயது மகள் ஹஸ்னா. மூன்று பேர்தான். பக்கத்து வீட்டில் ஓட்டோ ஓடுகிற தயாபரண்ணையும் அவருடைய மனைவியும். சைவக் குடும்பம். எங்கள் நோன்புக் கஞ்சி அங்கே போகும், அவர்கள் வீட்டுப் பொங்கல் இங்கே வரும்.

வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு சோனகத் தெருவில் ஒரு நண்பர் வீட்டில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி திக்ர் செய்வோம். இறைவனின் பெயர்களைச் சொல்லி முடித்த பிறகு யாராவது கொஞ்ச நேரம் பேசுவது வழக்கம். பெரும்பாலும் நான்தான் பேசுவேன். அல்லாஹ் ஏன் இந்த உலகத்தைப் படைத்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. நாம் இல்லாமலே அவன் நிறைவானவன். ஆனாலும் அறியப்பட வேண்டும் என்று விரும்பினான். அந்த விருப்பம்தான் அன்பு. மண்ணும் மரமும் மனிதனும் அந்த அன்பிலிருந்துதான் வந்தன. எங்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்த இந்த விஷயத்தை நான் சொல்லும்போது கேட்பவர்கள் கண்கலங்குவார்கள். நானும் கலங்குவேன். பிறகு வீட்டுக்கு வந்து, கறியில் உப்புக் காணாது என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவேன்.

நான் அப்படித்தான் இருந்தேன். மறைக்கவில்லை.

போன கார்த்திகை மழைக்கு முதல் சுன்னாகத்தில் ஒரு பழைய வெங்காயக் களஞ்சியத்தை உடைத்தார்கள். கூரைத் தகரம் முழுவதையும் நான் எடுத்தேன். வளவின் பின்பக்கம் ஏற்கனவே நிறைந்து கிடந்தது. அதனால் குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையில் அடுக்கினேன். ஒரு கிழமையில் எடுத்துவிடுவேன் என்று ஜெஸீமாவிடம் சொன்னேன். மழை தொடங்கியது. ஒரு கிழமை மூன்று கிழமையானது. தகரத்துக்கு அடியில் புல் முளைத்தது. தவளை கத்தியது. கிணற்றடிக்குப் போக அவள் தகரக் குவியலைச் சுற்றி, சேற்றில் கால் வைத்துத்தான் போகவேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவள் மறுபடியும் கேட்டாள்.

"இண்டைக்காவது உதை எடுங்கோவன். தவளை வந்தால் அதைத் தேடிப் பாம்பும் வருமெல்லோ."

"மழை விடட்டும், பாப்பம்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஊருக்கெல்லாம் அன்பைப் பற்றிக் கதைக்கிறியள். எனக்கொரு தகரத்தை அரக்கி வைக்க உங்களுக்கு நேரமில்லை."

அது சுட்டது. உண்மை என்பதால் இன்னும் கூடச் சுட்டது. "உனக்கு என்ன விளங்கும்?" என்று கேட்டுவிட்டு, ஸலாம்கூடச் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அன்று பின்னேரம் திக்ர் முடிந்தது. என்னைப் பேசச் சொன்னார்கள். பேசத் தொடங்கிச் சில நிமிடத்தில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ஜெஸீமாவின் நம்பர். காலையில் விட்ட சண்டையைத் தொடரத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். துண்டித்தேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடி துண்டித்தேன். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அது நெஞ்சில் துடிக்கத் துடிக்கப் பேசினேன். ஒரு எறும்பைக்கூட அவன் அன்பில்லாமல் படைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்து பார்த்தால் ஏழு அழைப்புகள். ஒரு குரல் பதிவு. ஹஸ்னாவின் குரல்.

"வாப்பா, உம்மாவைப் பாம்பு கடிச்சுப் போட்டுது. எடுங்கோ வாப்பா. ஏன் எடுக்கிறியள் இல்லை? நாங்கள் தயாபரன் மாமாவின்ரை ஓட்டோவிலை பெரியாஸ்பத்திரிக்குப் போறம்."

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தயாபரண்ணை நின்றார். சாரத்தில் சேறு. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதறாதை தம்பி. டொக்டர்மார் ஊசி ஏத்துகினம். புடையன்தான். நான் அதை அடிக்கேல்லை, போனிலை படம் எடுத்துக்கொண்டு வந்து டொக்டருக்குக் காட்டினனான்."

"எங்கை வைச்சுக் கடிச்சது அண்ணை?"

"அந்தத் தகரத்தடியிலைதான். தங்கச்சி தானே தூக்கி அரக்கப் பாத்திருக்கிறா. வலக்கையிலை."

நான் எடுக்காததை அவளே எடுக்கப் போயிருக்கிறாள். பாம்பை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டவன் நான். போனை எடுக்காதவனும் நான்.

புடையனின், அதாவது கண்ணாடி விரியனின், விஷம் இரத்தத்தை உறையவிடாது. சின்னக் கண்ணாடிக் குழாயில் அவளுடைய இரத்தத்தை எடுத்து வைத்து, இருபது நிமிடம் கழித்துச் சரித்துப் பார்த்தார்கள். தண்ணீர்போல ஓடியது. பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. கை முழங்கைவரை வீங்கிக் கறுத்திருந்தது. விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியதும் அவளுக்கு நடுக்கம் வந்தது, மூச்சு முட்டியது. ஒரே நேரத்தில் நான்கு பேர் கட்டிலைச் சுற்றி ஓடினார்கள். திரையை இழுத்து என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். திரைக்குக் கீழே அவளுடைய ஒரு செருப்பு மட்டும் தெரிந்தது.

அப்போது துஆக் கேட்கத் தொடங்கினேன். என்ன கேட்டேன் என்று நேர்மையாகச் சொல்கிறேன். யா அல்லாஹ், நான் உன்னை எத்தனை ஆயிரம் தரம் நினைத்திருக்கிறேன், உன் அன்பை எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன், அதற்காக அவளைக் காப்பாற்று. கடையில் பேரம் பேசுகிற மாதிரித்தான் கேட்டேன். பழைய இரும்பை நிறுத்து விற்கிறவனுக்கு வேறு எப்படிக் கேட்கத் தெரியும்?

மூச்சு சீரானது. அடுத்த நாள் மத்தியானம் குழாயில் எடுத்த இரத்தம் உறைந்தது. டொக்டர் சிரித்தார். ஹஸ்னா என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பேரம் படிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டொக்டர் சிரிக்கவில்லை. கட்டிலின் பக்கத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையைக் கையில் தூக்கிப் பார்த்தார். அடியில் கறுத்த தேத்தண்ணி நிறத்தில் ஒரு சிறங்கை அளவுதான் கிடந்தது.

"ரத்தம் சரி. ஆனா கிட்னி ரெண்டும் வேலை செய்யிறதை நிப்பாட்டிட்டுது" என்றார். "புடையன் கடியிலை இப்பிடி வாறதுதான். மெசினிலை ரத்தத்தைச் சுத்திகரிக்க வேணும். கிட்னி திரும்ப வேலை செய்யத் தொடங்கும்வரைக்கும்."

"எப்ப தொடங்கும் டொக்டர்?"

"அநேகமா ஒண்டு ரெண்டு கிழமையிலை. சில பேருக்கு நாள் எடுக்கும்." பையை மறுபடி தொங்கவிட்டார். "சில பேருக்குத் திரும்புறேல்லை. அதையும் நான் சொல்லத்தானே வேணும்."

திங்கட்கிழமை அவளுடைய கழுத்தில் குழாய் வைத்து மெசினில் பூட்டினார்கள். பை வறண்டுவிட்டது. ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் வெளியே போகாத உடம்புக்குள் தண்ணீர் விடவும் கூடாது என்றார்கள். ஒரு நாளைக்கு இரண்டு சின்னக் கோப்பைதான். வெளியே மழை கொட்டுகிறது. யன்னலால் தாழ்வாரத்துத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது. அவள் வறண்ட உதட்டோடு அதைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். முகம் வீங்கி, கண்கள் இடுங்கி, வேறு யாரோ மாதிரி இருந்தாள். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவேன். அவள் அந்தப் பஞ்சை விடாமல் உறிஞ்சுவாள். என்னோடு பேசவில்லை. பேச முடியவில்லையா, விருப்பமில்லையா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

காலையில் ஆஸ்பத்திரி வாட்டுக்குள் போனதும் நான் முதலில் குனிந்து பையைத்தான் பார்ப்பேன். செவ்வாய் காலையும் அப்படித்தான் குனிந்தேன். ஒரு மூத்த நேர்ஸ் அங்கே நின்றார். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"வந்தவுடனை பையைப் பாக்காதேங்கோ. அவ உங்களைப் பாத்துக்கொண்டு கிடக்கிறா. நீங்கள் குனிஞ்சு பாத்திட்டு நிமிரேக்கை உங்கடை முகம் போற போக்கை அவ காணுறா. முதல் அவவின்ரை முகத்தைப் பாருங்கோ."

நிமிர்ந்தேன். உண்மைதான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் திக்ர் சபையிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தான். நல்ல மனம். ஆறுதல் சொல்லத்தான் எடுத்தான். "றபீக் நானா, நீங்கள் சொல்லித் தந்ததுதானே. எல்லாம் அவன்ரை அன்பிலை இருந்து வாறதுதானே" என்றான். என்னால் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டேன். நடைபாதையின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அல்லாஹ்விடம் கேட்டேன்: அந்தப் பாம்பையுமா? அதையும் அன்பால்தான் படைத்தாயா? அதன் பல்லுக்குள் விஷத்தை வைத்தது எந்த அன்பு? இத்தனை வருடமாக நான் சொன்னதெல்லாம் என்ன?

அஸருக்கு அழைப்பு கேட்டது. தொழுதேன். வாய் ஓதியது, நெஞ்சு கல்லாகக் கிடந்தது. ஒரு விசுவாசி இதைச் சொல்லக்கூடாது என்பீர்கள். ஆனால் அன்று நான் அப்படித்தான் இருந்தேன். உங்களில் யாராவது இன்று அந்த நிலையில் இருந்தால் தெரிந்துகொள்ளட்டும், நானும் அங்கே நின்றிருக்கிறேன்.

புதன்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டது. ஜெஸீமாவை மெசினுக்குக் கொண்டுபோனார்கள். நான்கு மணித்தியாலம் என்னை உள்ளே விடமாட்டார்கள். ஹஸ்னா தயாபரண்ணை வீட்டில் இருந்தாள். நான் நேரே கொக்குவிலுக்குப் போய் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு தகரத்தடிக்குப் போனேன். சத்தம் கேட்டுத் தயாபரண்ணை பெரிய சப்பாத்துப் போட்டுக்கொண்டு, நீளத் தடி ஒன்றோடு மதிலைச் சுற்றி ஓடிவந்தார்.

"தனிய உதிலை கை வைக்காதை. நான் தடியாலை கிளப்புறன், நீ இழு."

ஒவ்வொரு தகரமாக இழுத்துத் தெருவோரம் போட்டோம். இருபது தகரம் இருக்கும். கடைசித் தகரத்தை அவர் தடியால் கிளப்பியபோது அந்தச் சத்தம் கேட்டது. அடுப்பில் பிரஷர் குக்கர் சீறுகிற மாதிரி. சுருண்டு கிடந்தது. முதுகில் சங்கிலி மாதிரிப் பழுப்பு வட்டங்கள். அதே பாம்பா, வேறொன்றா, எனக்குத் தெரியாது.

"அடி! அடி தம்பி, ஓடப்போகுது!"

அலவாங்கை இரண்டு கையாலும் தூக்கினேன். என் ஏழு அழைப்பும், அவளுடைய கறுத்த கையும், வறண்ட பையும் எல்லாம் அந்த அலவாங்கில் ஏறி நின்றன. அடித்திருந்தால் குற்றமில்லை. தீங்கு செய்கிற பாம்பை அடிக்க மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் தூக்கிய கையோடு அதன் வயிற்றுப் பக்கத்தைக் கண்டேன். உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. அது மூச்சு விட்டது. பயந்துபோய்த் தன்னையே இறுக்கிக்கொண்டு, வேகவேகமாக மூச்சு விட்டது. காலையில் ஜெஸீமாவின் நெஞ்சும் அப்படித்தான் ஏறி இறங்கியது. இந்த மூச்சையும் இப்போது, இந்த நொடியில், ஒருவன் கொடுத்துக்கொண்டிருக்கிறான். கொடுக்காமல் விட்டால் அது அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அவன் விடவில்லை. மழைக்கு ஒதுங்க இடம் தேடி வந்த ஒரு உயிருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, அதை மூன்று கிழமை எடுக்காமல் விட்டவன் நான். இதில் பாம்பின் விஷத்தைப் பற்றி அல்லாஹ்விடம் நான் என்ன கேள்வி கேட்கிறேன்?

அலவாங்கைத் தாழ்த்தினேன். தயாபரண்ணை அதைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த பெரிய பிளாஸ்டிக் பரலை எடுத்துத் தடியால் தள்ளி அதன்மேல் கவிழ்த்தார். நான் மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன். பாம்பு பிடித்துக் காட்டில் விடுகிற ஆட்களுக்கு அவர் போன் எடுத்தார். மத்தியானம் வந்து கொண்டுபோனார்கள்.

அவர்கள் வருவதற்கு முதல், அந்தச் சேற்றில், பரலுக்கு முன்னால் நான் குந்தியிருந்து அழுதேன். தயாபரண்ணை தள்ளிப்போய் நின்றார். அன்றுதான் என் வாயிலிருந்து உண்மையான துஆ வந்தது என்று நினைக்கிறேன். யா அல்லாஹ், எனக்கு ஒன்றும் தெரியாது. உன் அன்பைப் பற்றி நான் கதைத்திருக்கிறேன், அதைக் கண்டதில்லை. பதினாறு வருடமாக நீ அன்பால் படைத்த ஒருத்தியை என் வீட்டுக்குள் வைத்திருந்தாய். அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. அவள் என்னுடையவள் என்று கேட்கவில்லை. உன்னுடையவள். நீ வைத்துக்கொண்டாலும் சரி. ஆனால் அவளைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நாள் தா. அவளுடைய உடம்புக்குள் நீ மறைத்து வைத்த ஊற்றைத் திற.

குளித்து, உடுப்பு மாற்றி, மத்தியானத்துக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பையைப் பார்க்கவில்லை. கதிரையை இழுத்து அவளுடைய முகத்துக்கு நேரே போட்டு இருந்தேன்.

"ஜெஸீமா, என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். கலியாணம் முடித்து முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வறண்ட குரலில், "தகரம்?" என்றாள்.

"எடுத்தாச்சு. ஒண்டுகூட இல்லை."

"ஹஸ்னா கிணத்தடிக்குப் போறவள். அதுதான் எனக்குப் பயம்" என்றாள். அவ்வளவு வலியிலும் அவள் நினைத்துக்கொண்டு கிடந்தது அதைத்தான். பிறகு கடிபடாத கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

உடனே ஊற்று திறந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வியாழன் வறட்சி. வெள்ளி வறட்சி. சனிக்கிழமை நெஞ்சுக்குள் தண்ணீர் சேர்ந்து அவளால் படுக்க முடியவில்லை. இருந்தபடியே மூச்சுக்கு இழுத்தாள். அவசரமாக மறுபடி மெசினுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு, இன்னும் சில நாள் பார்ப்போம், வராவிட்டால் நீண்ட காலத்துக்கு மெசின் தேவைப்படலாம், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். நான் தலையாட்டினேன்.

ஆனால் ஒன்று மாறியிருந்தது. நான் பேரம் பேசுவதை நிறுத்தியிருந்தேன். அவளுடைய கால்களைத் துடைத்துவிடும்போது ஒவ்வொரு விரலுக்கும் அவனுடைய பெயரைச் சொன்னேன். யா வதூத். நிறைந்த அன்புடையவனே. முன்பு ஆயிரம் தரம் மணியில் உருட்டிய பெயர்தான். அன்றுதான் அது ஒருவனைக் கூப்பிடுகிற பெயராக ஆனது. தயாபரண்ணையின் மனைவி இணுவில் கந்தசாமி கோயிலில் ஜெஸீமாவின் பெயருக்கு விளக்கேற்றிவிட்டு, அதை எப்படி எங்களிடம் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நேர்ஸ் தன்னுடைய சபையில் செபம் செய்வித்ததாகச் சொன்னார். இருவருக்கும் நன்றி சொன்னேன். எல்லோரையும் படைத்தவன் எல்லோருடைய குரலையும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறான்.

பாம்பு கடித்துப் பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை காலை. ஹஸ்னாவும் என்னோடு வந்திருந்தாள். வாட்டு வாசலிலேயே அந்த நேர்ஸ் எங்களை மறித்தார். மறிக்கிறார் என்றால் செய்தி கெட்டது என்றுதானே அர்த்தம்.

"இண்டைக்கு நீங்கள் முதல் பையைப் பாக்கலாம்" என்றார்.

ஓடினோம். பையின் அடியில், வெளிர் மஞ்சளாக, முப்பது நாற்பது மில்லிலீற்றர் இருக்கும். ஒரு சின்னக் கோப்பைகூட நிரம்பாது. குழாயின் வாயில் இன்னொரு சொட்டுத் திரண்டு, தொங்கி, எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே விழுந்தது.

"வாப்பா, வருது வாப்பா" என்றாள் ஹஸ்னா. நிலத்தில் இருந்துகொண்டு பையின் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். ஜெஸீமா வீங்கிய முகத்தோடு சிரித்தாள். "என்ன ரெண்டு பேரும் அதைப் போய் இப்பிடிப் பாக்கிறியள், மூத்திரத்தை" என்றாள். பக்கத்துக் கட்டில் அம்மாவும் சிரித்தார். நான் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு அட்டைப் பெட்டியை விரித்து ஸுஜூதில் விழுந்தேன். நெற்றியை எடுக்க மனமில்லை. யாரும் என்னை எழுப்பவில்லை.

அடுத்த நாள் அரை லீற்றர். அதற்கடுத்த நாள் இரண்டு லீற்றர். பிறகு வாய்க்கால் திறந்த மாதிரி வந்தது. தண்ணீர் குடியுங்கோ, நிறையக் குடியுங்கோ என்று டொக்டர் சொன்ன அன்று அவள் ஒரு முழுச் செம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மூன்று கிழமை கழித்து வீட்டுக்கு வந்தாள்.

கடைசியாகக் கிளினிக்கில் டொக்டரிடம் நன்றி சொல்லி அழுதபோது அவர் சிரித்துக்கொண்டே, "பெரும்பாலும் கிட்னி தானாத்தான் திரும்புறது ஐயா. நாங்கள் அதுவரைக்கும் ஆளைப் பிடிச்சு வைச்சிருந்தம், அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னது உண்மை. நான் மறுக்கவில்லை. டொக்டரும், நேர்ஸும், மெசினும், ஓட்டோவும் இல்லாவிட்டால் அவள் இல்லை. ஆனால் அந்தத் 'தானாக' என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஒரு முஷ்டி அளவு சதைக்குள் ஆயிரமாயிரம் சல்லடைகளை வைத்து, அது நின்றபோது திரும்பப் படைக்கத் தொடங்கியவன் யார்? அவன் ஒரு காலத்தில் படைத்து முடித்துவிட்டுப் போனவன் இல்லை. இன்று காலையும் படைத்துக்கொண்டிருக்கிறான். அன்பு நின்றால் படைப்பு நின்றுவிடும். அது நிற்கவில்லை. அதனால்தான் நீங்களும் நானும் இருக்கிறோம்.

அதன் பிறகு நான் பல மாதம் சபையில் பேசவில்லை. பின்னால் இருந்து மற்றவர்கள் சொல்வதைக் கேட்டேன். இரும்பு எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே ஒரு வெறுங்காணிக்கு மாற்றினேன். வீட்டில் என் குரல் குறைந்திருக்கிறது என்று ஹஸ்னா சொல்கிறாள். முழுவதும் திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். போன கிழமையும் ஒரு சின்ன விஷயத்துக்குச் சீறினேன். ஆனால் சீறியவுடன் மன்னிப்புக் கேட்கத் தெரிகிறது. முன்பு அதுவும் தெரியாது.

ஒரு விஷயம் இதை எழுதத் தொடங்கியபோதுகூட எனக்குத் தெரியாது. நேற்று மத்தியானம், இதுவரை எழுதியதை ஜெஸீமாவுக்கு வாசித்துக் காட்டினேன். புதன்கிழமை நான் சேற்றில் குந்தியிருந்து கேட்ட துஆ வந்ததும் அவள் மரக்கறி வெட்டுவதை நிறுத்தினாள்.

"நீங்கள் கேட்டது கபூலாகி அல்லாஹ் தந்தான் எண்டு எழுதியிருக்கிறியள். நான் கேட்டதையும் எழுதுங்கோ."

"நீ என்ன கேட்டனீ?"

"ஓட்டோவிலை போகேக்கையே கேட்டனான். சாகிறதுக்குப் பயம் இல்லை. உங்களோடை கோவத்தோடை போயிடுவன் எண்டதுதான் பயம். ஹஸ்னா போன் எடுக்க எடுக்க நீங்கள் கட் பண்ணினியள். அப்ப என்ரை மனசிலை வந்ததை அல்லாஹ்தான் அறிவான். யா அல்லாஹ், நான் உயிரோடை இருந்தாலும் இல்லாட்டியும் இந்தக் கோவத்தை என்னட்டை இருந்து எடுத்துப்போடு எண்டுதான் கேட்டனான். நீங்கள் வாசலாலை வரேக்கை அது இல்லை."

"அப்ப ஏன் அத்தனை நாளும் கதைக்கேல்லை?"

"தொண்டை வறண்டு போச்சு. வேறொண்டும் இல்லை" என்றாள். மறுபடி குனிந்து வெண்டிக்காய் வெட்டத் தொடங்கினாள்.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே, இந்த அனுபவத்தில் முதலில் கேட்கப்பட்ட துஆவும், முதலில் ஏற்கப்பட்ட துஆவும் அவளுடையது. நான் பேரம் பேசிக்கொண்டு நின்றபோதே அவன் என் வீட்டுக்குள் தன் அன்பை இறக்கி முடித்திருந்தான். எனக்குத்தான் அது தெரிய இத்தனை நாள் எடுத்தது. இன்று எந்த நெருக்கடியில் நிற்கிறீர்களோ, அங்கேயே நின்று அவனைக் கூப்பிடுங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. கோபத்தோடு கேட்டாலும் அவன் கேட்பான். நீங்கள் வாய் திறக்க முதலே, உங்களுக்காக உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் கேட்டிருக்கவும் கூடும்.